போலீஸ் சுமந்த புரவி

நூற்று நாற்பத்து நாலு தடை உத்தரவு போட்டிருந்த ஊருக்குள், போலீஸைக் குறை சொல்லும் ஒரு ஊர்வலத்தைப் போலீஸ்காரர்களைக் கொண்டே நடத்தியவன் நான். எட்டுப் போலீஸ்காரர்கள் சுமந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கி வழி விட்டார். நான் பின்னால் போலீஸ் வேனில் காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன்.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. கோர்ட்டே முதலில் நம்பவில்லை.

அறுபத்தாறாம் வருஷம், ஆனி மாதம். கறம்பக்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவே இருக்கும் எங்கள் கருவேலங்குடியில் ரேஷன் அரிசி வந்து ஆறு வாரமாகியிருந்தது. குழந்தைகளுக்கு மரவள்ளிக் கிழங்கைப் பார்த்தாலே அழுகை வந்தது. மலையாண்டி எங்கள் விவசாயச் சங்கத்துச் செயலாளர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் மூன்று மைலுக்குக் கேட்கும். அவர் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊர் வேலன்சந்தை அரிசிக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்தார். கல் எடுக்கவில்லை, கம்பு எடுக்கவில்லை. "அரிசி இருக்கா இல்லையா, தெறந்து காட்டுங்க" என்பதுதான் கோரிக்கை. அந்த நாற்பதில் நானும் ஒருவன். அப்போது நான் பஸ் கண்டக்டர், அன்றைக்கு லீவு.

கதவைத் திறக்கவில்லை, போலீஸ்காரர்கள் வந்து தடியைத் திறந்தார்கள். ஓடினவர் முதுகில் பட்டது. மலையாண்டி ஓடவில்லை, அதனால் கையில் பட்டது. இடது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து தொங்க, அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஸ்டேஷனில் எழுதியிருந்தது இது: தடியடி நடக்கவில்லை. மலையாண்டி என்பவர் போலீஸ் மீது கல்லெறிந்துவிட்டு ஓடும்போது தடுக்கி விழுந்தார். சாட்சி, ஏட்டு நல்லதம்பி.

கல்லெறிந்த வழக்குக்கு இரண்டு வருஷம் போடலாமாம். ஜாமீனும் கிடைக்கவில்லை. அடியைப் பார்த்த நாற்பது பேரும் வாயைத் திறந்தால் நாற்பது பேர் மேலும் வழக்கு என்று வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு வேலன்சந்தையில் தடை உத்தரவு. முதல் மைல்கல்லில் இருந்து கண்மாய்க்கரை வரை ஐந்து பேர் கூடக் கூடாது, கோஷம் கூடாது, நோட்டீஸ் கூடாது, கறுப்புக் கொடி கூடாது. பத்துக் கூடாதுகள் இருந்தன. நான் பன்னிரண்டு என்று சொல்வது வழக்கம்.

மலையாண்டியின் மனைவி கண்ணாத்தாள் எனக்குச் சித்தப்பா மகள். அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழுத முகம் இல்லை. கணக்கு வாத்தியார் முகம்.

"திருப்பதி அண்ணே, அந்தப் பேப்பரைப் படிச்சீங்களா?"

"படிச்சேன், தங்கச்சி."

"கொடி புடிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. சரி. சாமிக்கு வேண்டுதல் எழுதக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

"அது போடலை."

"அப்பக் கெளம்புங்க. வேளாரைப் பாக்கணும்."

இந்த யோசனை என்னுடையது என்றுதான் ஊரில் சொல்லி வந்திருக்கிறேன். கண்ணாத்தாள் பக்கத்தில் இல்லாத இடங்களில் இனிமேலும் சொல்வேன்.

எங்கள் பக்கம் அய்யனாருக்கு வேண்டிக்கொண்டால் மண் குதிரை செய்து வைப்போம். குயவரான வேளார் சூளையில் சுட்டு, வெள்ளையடித்து, கண் திறந்து, நீளமான இரண்டு மூங்கிலில் வைத்துக் கட்டி எட்டுப் பேர் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அதைப் புரவி எடுப்பு என்போம். குதிரையின் விலாவில் யார் உபயம், என்ன வேண்டுதல் என்று காவியால் எழுதுவதும் உண்டு. கண் திறந்து தோளில் ஏறிவிட்டால் குதிரை கோயிலில்தான் இறங்க வேண்டும். வழியில் தரையில் வைப்பது என்ற பேச்சே கிடையாது. சுமப்பவன் ஒருவன் விலகினால் பக்கத்தில் நிற்பவனின் தோள் அந்த இடத்தில் போய் நிற்கும். யாரும் கூப்பிட மாட்டார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள். அது புத்தி செய்கிற வேலை இல்லை, தோள் செய்கிற வேலை.

வேளார் ரெங்கசாமி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"குருத செஞ்சு தாரேன். பேரு எழுதுறேன். அடிச்சதை எல்லாம் எழுத மாட்டேன் ஆத்தா. என் சூளையை இடிச்சிருவாங்க."

"கை ஒடிஞ்சதைச் சொல்லாம கையை நல்லாக்கிக் கொடுன்னு சாமிகிட்ட எப்படிக் கேக்குறது, வேளாரே?"

"சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும். சந்தைக்குத் தெரியாதுல்ல."

 வேளார் காவியைக் கரைத்தார். எழுதியது இது: 'கருவேலங்குடி கண்ணாத்தாள் உபயம். ரேஷன் அரிசி கேட்டதற்குப் போலீஸ் அடித்துக் கை ஒடித்துக் கொண்டுபோன என் வீட்டுக்காரர் மலையாண்டி வீடு வர வேண்டும்.' ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம்.

அந்தக் குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரம் ஒரு பனை மரம். சரி, பாதிப் பனை. என் மனைவி பிச்சையம்மாள் ஆறடி என்பாள். அவள் வீட்டுக்குள் இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவள். எடை, ஒரு பஸ்ஸை ஆளோடு தூக்கியது மாதிரி. கழுத்து மணி ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. பல்லைக் காட்டி அது சிரித்த சிரிப்பைப் பார்த்து எங்கள் ஊர் நாய்கள் மூன்று நாள் குரைக்கவில்லை.

சுமக்க எட்டுப் பேர் வேண்டும். நாற்பது வீடும் ஏறி இறங்கினாள் கண்ணாத்தாள். முப்பத்திரண்டு வீட்டில் முதுகு வலி, வயிற்று வலி, மாமியார் வீட்டில் சாவு. ஒரே நாளில் கருவேலங்குடிக்கு முப்பத்திரண்டு மாமியார் செத்துப் போனார்கள். மீதி எட்டுப் பேரும் வந்தோம். எனக்கும் வயிறு வலிக்கத்தான் செய்தது. வேலை போனால் பிச்சையம்மாளும் இரண்டு பெண்களும் என்ன செய்வார்கள் என்ற வலி. ஆனால் அடி விழுந்த அன்றைக்கு ஓடியவன் நான். ஓடினவன் மறுபடியும் நிற்க ஒரு இடம் கிடைத்தால் நிற்கத்தான் வேண்டும்.

சந்தை நாளாகப் பார்த்துக் கிளம்பினோம், கோயிலுக்கு வழி வேலன்சந்தை நடுவேதான். கொட்டு இல்லை, குலவை இல்லை. கண்ணாத்தாள் சூடத்தட்டோடு முன்னால் நடந்தாள். வேலன்சந்தைக்குள் புகும் ரோட்டில் முதல் மைல்கல்லுக்கு நாலடி முன்னால் வேன் ஓரமாக நின்றது. ஏட்டு நல்லதம்பியும் ஏழு கான்ஸ்டபிள்களும் வரிசையாக நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் நடுவில். அவர் பட்டணத்துக்காரர், வந்து இரண்டு மாதம்தான். நல்லதம்பி எங்கள் பக்கத்து ஆள், ஆலங்குடிக்குக் கிழக்கே.

சப்-இன்ஸ்பெக்டர் விலா எழுத்தைப் படித்தார். முகம் காவியை விடச் சிவந்தது.

"யாரும்மா இதை எழுதினது?"

"நான் எழுதச் சொன்னேன்."

"இதை அழிச்சுட்டுப் போ. இல்லைன்னா ஒரு அடி எடுத்து வைக்க முடியாது."

"வேண்டுதலை அழிக்கிறதாங்க? கண் தெறந்தாச்சு. அது பாத்துக்கிட்டு இருக்கு."

"உன் புருஷன் கல்லெறிஞ்சவன்."

"அதை நீங்க எழுதியிருக்கீங்க. இதை நான் எழுதியிருக்கேன். ரெண்டையும் நாலு பேரு படிக்கட்டுமே சார்."

"அத்தனை பேரையும் புடிங்கய்யா!" என்று கத்தினார் சப்-இன்ஸ்பெக்டர்.

ஒரு கான்ஸ்டபிள் என் இடுப்பு வேட்டியைப் பிடித்தார். நான் இடது மூங்கில் தண்டில் முன்னால். "ஓடல, வாரேன். மொதல்ல இதைப் புடிங்க" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. பாரத்தை விட்டு நகர்கிற எவனும் சொல்கிற வார்த்தை அது. சொல்லிவிட்டுத் தோளை உருவினேன். அந்தக் கான்ஸ்டபிளின் தோள் என் தோள் இருந்த இடத்தில் போய் நின்றது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தோள் செய்த காரியம் முகத்துக்கு இன்னும் தெரியவில்லை.

வலது தண்டில் விலாவை ஒட்டி நின்றவனை நல்லதம்பி பிடித்தார். அவன் விலகினான், நல்லதம்பியின் தோள் போயிற்று. மூன்றாவது, நாலாவது என்று போய், தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் எட்டுப் பேர் விலகியிருந்தோம், எட்டுத் தொப்பிகள் குதிரைக்குக் கீழே இருந்தன. தோள்தான் மாறியதே தவிர கால் நிற்கவில்லை. எட்டாவது ஆள் மாறும்போது குதிரையின் மூக்கு மைல்கல்லைத் தாண்டிவிட்டது. எங்கள் கால்கள் எதுவும் தாண்டவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் குறுக்கே ஓடி வந்தார்.

"என்னய்யா பண்றீங்க? கீழ வைங்க!"

"எங்கிட்டு சார் வைக்கிறது?" நல்லதம்பியின் குரல் தண்டுக்கு அடியிலிருந்து வந்தது.

"ரோட்டுலதான்!"

"ரோட்டுல வைக்க வராதுங்க சார்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க சார். வராது."

"இது ஆர்டர்!"

"சார், எனக்கு மூணும் பொம்பளைப் புள்ளைங்க. நீங்க வேணா கைய வச்சு எறக்கிப் பாருங்க, நான் வேண்டாங்கல."

சப்-இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். குதிரையின் கண்ணைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார். பட்டணத்திலும் சாமி உண்டு போலிருக்கிறது.

வைக்க முடியாது, நிற்கவும் முடியாது. நின்றால் பாரம் இரண்டு பங்காகும் என்பது சுமந்தவனுக்குத் தெரியும். நடந்தார்கள். கண்ணாத்தாளையும் எங்களையும் வேனில் ஏற்றிய டிரைவர், வேறு வழி தெரியாமல், பின்னாலேயே மெதுவாக ஓட்டினார்.

சந்தை அன்று ஆயிரம் பேர். நான் பத்தாயிரம் என்று எண்ணினேன். தடை உத்தரவு எல்லோருக்கும் தெரியும், அதனால் ஜனங்கள் நாலு நாலு பேராகப் பிரிந்து நின்றார்கள். ஒவ்வொரு நாலிலும் எழுத்துத் தெரிந்த ஒருவர் மற்ற மூவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "ரேஷன் அரிசி கேட்டதற்குப் போலீஸ் அடித்து" என்று புளிக்கடைப் பக்கம் ஒரு குரல், "கை ஒடித்து" என்று வளையல் கடைப் பக்கம் இன்னொன்று. கோஷம் இல்லை. சட்டம் மீறப்படவில்லை. இருநூறு வாய் ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு கடையிலிருந்து கோணிச்சாக்கை எடுத்து எழுத்தின் மேல் போட்டார். சரிந்து விழுந்தது. பிடித்துக்கொள்ள யாருக்கும் கை இல்லை. எல்லாக் கையும் தண்டில். தாமே பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தார். ஒரு கிழவி அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என்ன பக்தி பாரு இந்த ஆபீசருக்கு!" என்றாள். சாக்கை வீசிவிட்டார். பிறகு செய்வதறியாமல் முன்னால் ஓடி, "வெலகு, வெலகு" என்று லத்தியை ஆட்டினார். கூட்டம் விலகி வழி விட்டது. ஊர்வலத்துக்கு அவரைப் போல ஒரு தலைவர் எங்கள் சங்கத்துக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

கண்மாய்க்கரை தாண்டி அய்யனார் கோயில். குதிரை இறங்கியது. பூசாரி சுமந்த எட்டுப் பேர் தலையிலும் வழக்கப்படி பரிவட்டம் கட்டித் திருநீறு பூசினார். நல்லதம்பி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அதன்பின் எங்கள் ஒன்பது பேரையும் கொண்டுபோய் அடைத்தார்கள், கண்ணாத்தாளையும் சேர்த்து. மூன்றாம் நாள்தான் ஜாமீன்.

ஆடி மாதம் வழக்கு வந்தது. எங்கள் மேல் தடை மீறிய வழக்கு. மலையாண்டி மேல் கல்லெறிந்த வழக்கு. இரண்டையும் ஒரே நாளில் எடுத்தார் மாஜிஸ்ட்ரேட். இரண்டுக்கும் முதல் சாட்சி நல்லதம்பி. மலையாண்டி கையில் கட்டோடு வந்து நின்றார். நாங்கள் வக்கீல் வைக்கவில்லை. சந்தையில் பார்த்தவர்களும் வழக்குக்குப் பயந்து சாட்சிக்கு வரவில்லை. கண்ணாத்தாள் தானே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். எதையும் இரண்டு தடவை கேட்பார்.

"தடை செய்யப்பட்ட எல்லைக்குள்ள குதிரை வந்ததா?"

"வந்துச்சுங்கய்யா" என்றாள் கண்ணாத்தாள்.

"நீங்க கொண்டு வந்தீங்களா?"

"இல்லீங்கய்யா. எங்க ஆளுங்களை மைல்கல்லுக்கு அங்கிட்டே புடிச்சுட்டாங்க. உள்ள தூக்கிட்டு வந்தது போலீசு."

கோர்ட் சிரித்தது. மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. "போலீஸைக் கண்டிச்சு எழுதின குதிரையைப் போலீஸே தூக்கிட்டு வந்தாங்களா? இதை நான் நம்பணுமா?"

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். "சுத்தப் பொய் சார். இவங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. கோயில்ல வச்சுத்தான் கைது பண்ணினோம்."

கண்ணாத்தாள் சாட்சிக் கூண்டுக்குத் திரும்பினாள். "ஏட்டய்யா, ரெண்டே கேள்விதான். குருதையைச் சந்தைக்குள்ள தூக்கியாந்தது யாரு?"

நல்லதம்பி சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். "நாங்கதான்."

"அதுல எழுதியிருந்தது மெய்யா, பொய்யா?"

அவர் கட்டையை விட்டுவிட்டுத் தோளைத் தடவினார்.  இதில் மிகைப்படுத்தவில்லை.

"நான் வலது பக்கத் தண்டுல இருந்தேன்ங்கய்யா" என்றார் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து. "ஒரு மைலுக்கு அந்த எழுத்து என் மூக்குக்கு நேரா இருந்துச்சு. வேற பக்கம் பாக்க முடியாது, கழுத்து திரும்பாது. படிச்சுக்கிட்டே வந்தேன். மெய்தான். அந்த ஆளு கல்லெறியல. உக்காந்திருந்தாரு. நாங்க அடிச்சோம்."

சப்-இன்ஸ்பெக்டர் குதித்தார். "இவரை விலைக்கு வாங்கிட்டாங்க சார்! எட்டுப் போலீஸ்காரன், அதிகாரி வேண்டாம்னு சொல்லச் சொல்ல ஒரு மண் குதிரையைத் தூக்குவானா? இதைச் சொல்றவர் வேற எதைத்தான் சொல்ல மாட்டார்?"

மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடினார். "அதுதான் எனக்கும் சந்தேகம். ஏட்டு, நான் வெளிப்படையாச் சொல்றேன். நீர் குதிரை தூக்கினது பொய்யின்னா, இவரை அடிச்சதா சொன்னதும் பொய். மலையாண்டி உள்ள போவார், நீரும் பின்னாலேயே போவீர். அது மெய்யின்னா எல்லாமே மெய். ஆனா அதிகாரி தடுத்தும் எட்டுப் பேர் தோள் கொடுத்தாங்கன்னு எந்த மனுஷன் நம்புவான்? ஏன் கொடுத்தீர்?"

நல்லதம்பிக்கு விளக்கத் தெரியவில்லை. "ஆள் வெலகுனா தோள் போயிரும்ங்கய்யா" என்பதையே மூன்று தடவை சொன்னார். மாஜிஸ்ட்ரேட் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மலையாண்டி கட்டுப் போட்ட கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கண்ணாத்தாள் மாஜிஸ்ட்ரேட்டின் முன்னால் இருந்த மேஜையைப் பார்த்தாள். தேக்கு மேஜை. அதன் மேல் குமாஸ்தாவின் காகிதக் கட்டுகள்.

"அய்யா, சொல்லத் தெரியலைங்க. காட்டலாமா?"

"எதை?"

"இந்தக் கட்டை எல்லாம் எறக்கி வச்சிட்டு, மேசையைத் தூக்க எங்க எட்டுப் பேருக்கு உத்தரவு கொடுங்க."

என்ன நினைத்தாரோ, உத்தரவு கொடுத்தார். நாங்கள் எட்டுப் பேரும் அதைத் தோளுக்கு ஏற்றினோம். அந்த மேஜைக்கு முன்னால் குதிரை ஒரு பஞ்சுமூட்டை. மாஜிஸ்ட்ரேட் இருக்கையிலிருந்து எழுந்து மேஜையின் ஒரு மூலைக்கருகே வந்து நின்றார்.

"இப்ப ஒருத்தரை வெலகச் சொல்லுங்க" என்றாள்.

"நீர் விலகும்" என்று என்னைக் காட்டினார். நான் தோளை உருவினேன். பக்கத்தில் வெள்ளித் தகடு போட்ட பட்டையோடு விறைப்பாக நின்ற கோர்ட்டுச் சேவகர் டவாலி, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், தோளைக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் விழித்தார்.

"இவர் உங்க ஊர்க்காரரா?" என்றார் மாஜிஸ்ட்ரேட் சந்தேகம் தீராமல்.

"இல்லீங்கய்யா, நான் திருமயம்" என்றார் மேஜைக்கு அடியில் டவாலி.

"இன்னொருத்தர் விலகுங்க."

மாஜிஸ்ட்ரேட் நின்ற மூலையில் இருந்தவன் விலகினான். மேஜை அந்தப் பக்கம் ஒரு சாண் சாய்ந்தது. அவ்வளவுதான். கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். மாஜிஸ்ட்ரேட்டின் இரண்டு கைகளும் மேஜை விளிம்புக்குக் கீழே இருந்தன. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. முழங்காலை மடக்கித் தோளையும் கொடுத்திருந்தார்.

"அய்யா, விட்டுருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றேன் நான்.

"எப்படிய்யா விடறது? விழுந்துடுமே!" என்றார்.

சொன்ன பிறகு தம் கையைத் தாமே பார்த்தார். பிறகு கூண்டில் நின்ற நல்லதம்பியைப் பார்த்தார், மலையாண்டியின் கட்டைப் பார்த்தார், வாய் பிளந்து நின்ற சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மேஜையை விடாமலே குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்குங்க. போலீஸ்தான் சுமந்திருக்காங்க. அடிச்சதும் நடந்திருக்கு."